சட்டைப் பையில் ஒரு கணக்குப்பிள்ளை

தீபாவளிக்கு இன்னும் மூன்றே வாரம் இருக்கிறது. சென்னையில் இருப்பவர்கள் இதைக் காலண்டர் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, ரங்கநாதன் தெரு முனையில் ஒரு நிமிஷம் நின்றால் போதும். நடக்கிற சிரமம்கூட இல்லை. கூட்டமே நம்மைத் தூக்கிக்கொண்டு போய் உஸ்மான் சாலையில் இறக்கிவிடும்.

வழியில், என்ன வாங்க வந்தோம் என்பது மறந்துவிடும். என்ன வாங்கினோம் என்பது வீட்டுக்கு வந்து பையைப் பிரித்த பிறகுதான் தெரியும்.

சென்ற வருஷம் எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். நான், மனைவி, அம்மா, ஆறு வயதுப் பையன் என்று நாலு பேராகக் காலை பதினோரு மணிக்குப் புறப்பட்டோம். இரவு எட்டரைக்குத் திரும்பினோம். பைகளைக் கொட்டிப் பார்த்தால் தலையணை உறை நாலு ஜோடி இருந்தது. அது ஜாபிதாவிலேயே இல்லை. அப்பாவுக்கு வேட்டி ஜாபிதாவில் இருந்தது, பையில் இல்லை.

"ஜாபிதாவை எங்கே வெச்சீங்க?" என்று கேட்டாள் மனைவி.

ஜாபிதா சாப்பாட்டு மேஜையின் மேல், உப்பு ஜாடிக்கு அடியில், பத்திரமாக இருந்தது.

அத்தனை நேரமும் என் சட்டைப் பையில் பதினெட்டாயிரம் ரூபாய்க் கைபேசி ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு நான் சாதித்தது என்ன? கடைக்குக் கடை பணம் கட்டினேன். ஜவுளிக் கடை வாசலில் பையனை நிறுத்திப் படம் பிடித்தேன். அவ்வளவுதான்! ஒரு துண்டுக் காகிதம் செய்திருக்க வேண்டிய வேலையைக்கூட அதனிடம் நான் வாங்கவில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் யோசித்துப் பார்த்தேன். இந்தக் கைபேசிக்குள் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒருவர் கணக்குப்பிள்ளை. கேட்டதை எழுதுவார், கூட்டுவார், சரிபார்ப்பார், வாயைத் திறக்கமாட்டார். இன்னொருவர் கூவி விற்கிறவர். அவர் கண்ணுறங்குவதே இல்லை. நாம் கூப்பிடாமலே வந்து கதவைத் தட்டுகிறவர். பண்டிகைக் காலத்தில் நம்மில் பெரும்பாலோர் முதல்வரைத் தூங்கவிட்டு, இரண்டாமவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம்.

ஆபீஸில் இரண்டு கட்சி

எங்கள் காரியாலயத்தில் இந்த விஷயமாக இரண்டு கட்சிகள் உண்டு. "ஏன் ஐயா வேர்த்து விறுவிறுத்துக் கடைக்கு அலைய வேண்டும்? உட்கார்ந்த இடத்தில் தட்டினால் வாசலுக்கு வருகிறதே!" என்பது இளைஞர் கட்சி. "இந்தச் சனியன் வந்துதான் தெருக்கடை வியாபாரமே படுத்துவிட்டது, பண்டிகை என்றால் குடும்பத்தோடு கடைக்குப் போவதுதான் அழகு" என்பது பெரியவர்கள் கட்சி. டீ ஆறிப்போகிற வரையில் வாதம் நடக்கும்.

எனக்கு இரண்டு கட்சியிலும் சந்தா இல்லை. பிரஷர் குக்கர் எந்தக் கடையில் வாங்கினாலும் அதே குக்கர்தான். அதே கம்பெனி, அதே ஐந்து லிட்டர். அதைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் இடிபடுவது புத்திசாலித்தனம் ஆகாது. திருநெல்வேலியில் இருக்கும் அத்தைக்குப் புத்தகம் அனுப்ப வேண்டுமென்றால் நேரே அவர்கள் வீட்டுக்கே போகும்படி செய்துவிடலாம். ஆனால் புடவை? அதைத் தொட்டுப் பார்க்க வேண்டாமா? வெளிச்சத்தில் பிரித்துப் பார்க்க வேண்டாமா?

இரண்டு வருஷத்துக்கு முன் என் மனைவி கைபேசியில் படம் பார்த்து ஒரு புடவை தருவித்தாள். படத்தில் அது மாம்பழ மஞ்சள். வந்து சேர்ந்ததோ மஞ்சள் காமாலை மஞ்சள். திருப்பி அனுப்பினோம். பணமும் திரும்பி வந்தது, தீபாவளி முடிந்து கார்த்திகை தீபத்துக்கு முன்பாக! அந்த வருஷம் அவள் பழைய புடவையில்தான் தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

ஒன்பது நிமிஷக் கடிகாரம்

கூவி விற்கிறவரின் சாமர்த்தியங்களைக் கொஞ்சம் பார்க்கலாம். "இந்த விலை இன்னும் 9 நிமிஷத்துக்கு மட்டும்" என்று ஒரு கடிகாரம் ஓடும். நமக்குப் படபடக்கும். நான் ஒரு நாள் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தேன். ஒன்பது நிமிஷம் முடிந்தது. கடிகாரம் மறுபடியும் ஒன்பதிலிருந்து ஆரம்பித்தது!

இது விளையாட்டல்ல, சட்டம் கண்டிக்கிற காரியம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இதற்கென்றே விதிமுறைகள் வெளியிட்டது. பதின்மூன்று வகைத் தந்திரங்களை அதில் பெயர் சொல்லித் தடுத்திருக்கிறார்கள். இல்லாத அவசரத்தை உண்டாக்குவது அதில் முதலாவது. நாம் கேட்காத சாமானைக் கூடையில் நைசாகப் போட்டுவிடுவது இன்னொன்று. முதலில் ஒரு விலை காட்டி, பணம் கட்டுகிற கடைசிக் கட்டத்தில் அந்தக் கட்டணம் இந்தக் கட்டணம் என்று சொட்டுச் சொட்டாக ஏற்றுவது மற்றொன்று. "வேண்டாம், எனக்குச் சிக்கனம் பிடிக்காது" என்று நம் வாயாலேயே சொல்லவைத்து வெட்கப்படுத்துவதும் பட்டியலில் இருக்கிறது. புகார் செய்ய 1915 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

விதி நல்ல விதிதான். ஆனாலும் கடிகாரங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. ஆகையால் என் வீட்டில் ஒரு தனிச் சட்டம் போட்டிருக்கிறோம். பிடித்ததைக் கூடையில் போடலாம். அன்றே வாங்கக் கூடாது. மறுநாள் காலை காபி குடித்த பிறகு திறந்து பார்க்க வேண்டும். பாதிச் சாமான் தானாகவே கூடையிலிருந்து இறங்கிவிடுகிறது.

தீபாவளிச் செலவு என்பது பெரும்பாலான வீடுகளில் போனஸ் பணம். சட்டப்படி குறைந்தபட்ச போனஸ் 8.33 சதவீதம். அதாவது வருஷச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு. முப்பது நாள் உழைப்பு! அதை ஒன்பது நிமிஷக் கடிகாரத்துக்குப் பயந்து செலவழிக்கலாமா?

கணக்குப்பிள்ளைக்கு வேலை கொடுங்கள்

சரி, கணக்குப்பிள்ளையை எழுப்புவோம். முதலில் ஜாபிதா. வீட்டார் எல்லோரும் வாட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்துக்கொண்டு, அவரவர் தேவையை அதில் போட்டுவிட வேண்டும். எழுதத் தெரியாத பாட்டி பேசியே அனுப்பலாம். உப்பு ஜாடிக்கு அடியில் மாட்டிக்கொள்ளாது.

அடுத்தது அளவு. அப்பாவின் பழைய சட்டைக் கழுத்துப் பட்டையில் இருக்கும் எண், பையனின் செருப்பு அளவு, தையற்காரர் கொடுத்த ரவிக்கை அளவுச் சீட்டு எல்லாவற்றையும் புறப்படுவதற்கு முன் படம் பிடித்துக்கொண்டால் கடையில் நின்று வீட்டுக்குப் போன் போட்டுக் கத்த வேண்டியதில்லை. ரங்கநாதன் தெருவில் நின்று "நாற்பதா, நாற்பத்திரண்டா?" என்று கத்தினால் பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், கேட்க வேண்டியவருக்குத்தான் கேட்காது.

பில்லையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கடைகளில் தரும் பில், சூடுபட்டுக் கறுக்கிற காகிதம். இரண்டு மாதத்தில் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். மிக்ஸிக்கு ஒரு வருஷ உத்தரவாதம். பில்லுக்கு அறுபது நாள் ஆயுசு!

எந்த நேரம் கூட்டம் குறைவு என்பதைக்கூட வரைபடச் செயலி கோடு போட்டுக் காட்டுகிறது. வாரநாள் முற்பகலில் போனால் விற்பனையாளர் நம் முகத்தைப் பார்த்துப் பேசுவார். ஞாயிறு மாலை அவர் நம் கையிலிருக்கும் பையைத்தான் பார்ப்பார். மாம்பலம் நிலையத்திலிருந்து தியாகராய நகர் பஸ் நிலையம் வரை 2023-ல் ஆகாய நடைபாதை திறந்தார்களே, அதில் ஏறிவிட்டால் பாதி இடிபாடு மிச்சம்.

கூட்டத்தில் பிரிந்துபோனால் ஒருவர் இருக்குமிடத்தை மற்றவர் கைபேசியில் பார்க்கலாம் என்கிறார்கள். பெரியவர்களுக்கு அது சரி. குழந்தை விஷயத்தில் நான் பழைய கர்நாடகம். பையனின் உள்ளங்கைக்கு மேலே, மணிக்கட்டில், பேனாவால் என் எண்ணை எழுதிவிடுகிறேன். பேனாவுக்குச் சார்ஜ் தீர்வதில்லை.

பணம் கட்டும் கட்டம்

2016-ல் யூபிஐ வந்தபோது, "இதெல்லாம் பெரிய கடைக்காரர்களுக்கு" என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். இன்று கோலமாவு விற்பவர் தட்டிலும் அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டம் ஒட்டியிருக்கிறது. 1994-ல் ஜப்பானில், மோட்டார் உதிரி பாகங்களை எண்ணிக் கணக்கு வைப்பதற்காகக் கண்டுபிடித்த கட்டம் அது. பாண்டி பஜாரில் பொட்டு வாங்கவும் அது வேண்டியிருக்கும் என்று அவர்கள் கனவிலும் கண்டிருக்கமாட்டார்கள்.

சௌகரியம்தான், சந்தேகமில்லை. சில்லறைத் தகராறு ஒழிந்தது. பிக்பாக்கெட் பயமும் குறைந்தது. ஆனால் சௌகரியமே ஒரு தொந்தரவு. நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கை தயங்கும். கட்டத்தைக் காட்டும்போது தயங்குவதில்லை. தலையணை உறை அப்படித்தான் வந்தது.

இதற்கு ஓர் உபாயம் இருக்கிறது. யூபிஐ லைட் என்று ஒரு சின்னப் பை அதே செயலிக்குள் இருக்கிறது. அதில் ஐந்தாயிரம் ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது. ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் கொடுக்க முடியாது. ரகசிய எண் அழுத்த வேண்டியதும் இல்லை. கடைத்தெருவுக்குப் புறப்படுமுன் நடைபாதைச் செலவுக்கு இவ்வளவு என்று அதில் போட்டுக்கொண்டால், அது தீர்ந்ததும் கை நிற்கும். அந்தக் காலத்தில் பாட்டி சுருக்குப் பையில் எண்ணி எடுத்துக்கொண்டு போனாளே, அதே சூத்திரம்தான்.

இருந்தாலும் ரொக்கமும் கொஞ்சம் வேண்டும். 2025-ல் மார்ச் 26-ஆம் தேதியும் ஏப்ரல் 12-ஆம் தேதியும் யூபிஐ தேசம் முழுக்கத் தடுமாறியது நினைவிருக்கலாம். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் அலைவரிசையே மூச்சுத் திணறுகிறது. கூடை நிறையச் சாமானை வைத்துக்கொண்டு, சுற்றிச் சுற்றி வரும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைப் போல அவஸ்தை வேறில்லை.

ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பணம் கொடுக்கத்தான் ரகசிய எண். பணம் வாங்க அது வேண்டவே வேண்டாம். "உங்களுக்குத் தள்ளுபடிப் பணம் வந்திருக்கிறது, எண்ணை அழுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்று யாராவது சொன்னால் அவன் திருடன். இரண்டாவது யோசனையே வேண்டாம்.

ஆறு எழுத்துச் சாட்சி

கணக்குப்பிள்ளை மிகவும் உதவுகிற இடம் நகைக்கடை. ஆனால் அங்கேதான் நாம் அவரை அழைப்பதே இல்லை! தங்கம் விற்கிற விலையில் ஒரு மோதிரம் வாங்குவதே பெரும்பாடு. ஹால்மார்க் நகையில் இப்போது மூன்று முத்திரை இருக்கும். இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் சின்னம் ஒன்று. 22 காரட்டுக்கு 916 என்பது போலத் தூய்மையின் எண் ஒன்று. மூன்றாவதாக எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு குறிகள். ஒவ்வொரு நகைக்கும் ஒவ்வொன்று. இரண்டு நகைக்கு ஒரே குறி இராது. 2023 ஏப்ரல் 1 முதல் இந்தக் குறி இல்லாத ஹால்மார்க் நகையை விற்கக் கூடாது. இரண்டு கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கு விலக்கு உண்டு.

'பிஐஎஸ் கேர்' என்ற அரசாங்கச் செயலியில் அந்த ஆறு குறிகளைத் தட்டினால், அது மோதிரமா சங்கிலியா, என்ன தூய்மை, எந்த மையத்தில் சோதித்தார்கள் என்பதெல்லாம் வரும். கையில் இருப்பது மோதிரம், கைபேசி சொல்வது வளையல் என்றால் விஷயம் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

என் அக்கா மகள் சென்ற தை மாதம் கம்மல் வாங்கப் போனபோது, பூதக்கண்ணாடி கேட்டு வாங்கிக் குறியைப் படித்துத் தட்டினாள். கடைக்காரர் கோபிக்கவில்லை. "எல்லாரும் இப்படிப் பார்த்தா எங்களுக்கும் நல்லதும்மா" என்றார். எங்கள் அக்காவுக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டதாம். நூறு ரூபாய்க் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற நாம், லட்ச ரூபாய்த் தங்கத்தைப் பார்க்க வெட்கப்படுகிறோம்!

பட்டாசு மோசடி

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியது. என் மைத்துனன் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். போன தீபாவளிக்குப் பத்து நாள் முன்னால் அவன் கைபேசியில் ஒரு விளம்பரம் வந்தது. 'சிவகாசியிலிருந்து நேரடி விற்பனை, 80 சதவீதத் தள்ளுபடி'. அழகான படங்கள். புஸ்வாணம், சங்குசக்கரம், தரைச்சக்கரம் எல்லாம் விலையோடு இருந்தன. தட்டினான். பதில் மரியாதையாக வந்தது. 6,500 ரூபாய் அனுப்பினான். 'லாரி கிளம்பிவிட்டது' என்று ஒரு ரசீதும் வந்தது. மறுநாள் அந்த எண் அணைந்தது. அதற்கு மறுநாள் அந்தப் பக்கமே காணோம். லாரி இன்றுவரை வந்துகொண்டிருக்கிறது.

அவனுடைய இரண்டு பெண் குழந்தைகளும் தீபாவளி காலையில் வாசற்படியில் உட்கார்ந்து அடுத்த வீட்டு மத்தாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தன. விஷயம் கேள்விப்பட்டு நான் ஒரு பெட்டியோடு போனபோது மணி ஆறே முக்கால். தமிழ்நாட்டில் காலை வெடிநேரம் ஆறிலிருந்து ஏழு வரைதான். பதினைந்து நிமிஷத்தில் எவ்வளவு கொளுத்த முடியும்?

அவன் முட்டாள் அல்ல. ஐ.டி.ஐ. படித்தவன், எந்திரத்தின் சத்தத்தை வைத்துக் கோளாறு சொல்கிறவன். அவனுக்குத் தெரியாமல் போனது ஒன்றே ஒன்றுதான். இணைய வணிக நிறுவனங்கள் பட்டாசு விற்கக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு 2018 அக்டோபரில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆகையால், கைபேசியில் பட்டாசு விற்க ஒருவன் வந்தால், ஒன்று அவன் சட்டத்தை மீறுகிறவன். அல்லது பட்டாசே இல்லாதவன். இரண்டில் எவனிடமும் நமக்கு வேலை இல்லை. உரிமம் பெற்ற கடைக்கு நடந்து போய், பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு காசு கொடுப்பதுதான் வழி. பசுமைப் பட்டாசுப் பெட்டியின் மேலேயே ஒரு கட்டம் அச்சிட்டிருப்பார்கள். கைபேசிக்கு அங்கே வேலை உண்டு. வாங்கியதை ஊருக்கு ரயிலில் கொண்டுபோக நினைக்காதீர்கள். அது குற்றம்.

பணம் போய்விட்டால் உடனே 1930-ஐக் கூப்பிட வேண்டும். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால், திருடன் எடுப்பதற்குள் பணத்தை முடக்கிவைக்க வழி இருக்கிறது. என் மைத்துனன் இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னான். ஏன் என்று கேட்டேன். "வீட்ல சொல்ல வெக்கமா இருந்துச்சு மாமா" என்றான். திருடனுக்கு மிகவும் உதவி செய்வது நம்முடைய இந்த வெட்கம்தான். ஏமாந்தவனைப் பார்த்துச் சிரிக்கிற சுற்றத்தாரும் அந்தத் திருட்டில் கூட்டாளிகள் என்பேன்.

பூக்கார ஆயா

எங்கள் தெருமுனையில் பூ விற்கும் ஆயாவின் தட்டிலும் கட்டம் ஒட்டியிருக்கிறது. நான் கைபேசியை நீட்டினால் ஆயாவின் முகம் சுருங்கும். ஒரு நாள் விசாரித்தேன். "அது என் புள்ள கணக்குக்குப் போவுது கண்ணு. நான் எத்தினி முழம் வித்தேன்னு அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. சாயந்திரம் டீ குடிக்க அவன்கிட்டத்தான் காசு கேக்கணும்" என்றாள்.

இதைக் கேட்ட பிறகு ஆயாவுக்கு நான் நோட்டும் சில்லறையுமாகத்தான் கொடுக்கிறேன். நாள் முழுக்க வெயிலில் உட்கார்ந்து தொடுத்தவள் தன் சம்பாத்தியத்தைத் தன் கையால் எண்ணிப் பார்க்க வேண்டாமா? கைபேசியின் பெருமை பேசுகிறவர்கள் இந்த மாதிரிக் கணக்கை எழுதுவதில்லை. பெரிய கடையில் கட்டத்தைக் காட்டுங்கள். ஆயாவிடம், வளையல்காரம்மாவிடம், எப்படி வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

இந்த வருஷம் எங்கள் வீட்டுக் குழு தயாராகிவிட்டது. வருகிற செவ்வாய்க்கிழமை லீவு போட்டிருக்கிறேன். காலை பத்து மணிக்குக் கடைத்தெரு. அப்பாவின் வேட்டிதான் ஜாபிதாவில் முதலாவது, ஒன்பது முழம் என்ற குறிப்போடு. பையன் தன் பங்குக்கு துப்பாக்கிப் படம் ஒன்று போட்டிருக்கிறான். நேற்றிரவு அம்மாவிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. கேட்டேன்.

"தம்பி, எனக்கு நூல் புடவை ஒண்ணு போதும், கரை சின்னதா இருக்கட்டும். அப்புறம், தலகாணி உறை வேண்டாம். போன வருஷத்துது இன்னும் பிரிக்கலை."